பச்சை உடம்பும் நாற்பத்தைந்து நாளும்

பிள்ளைப்பேறு பெண்ணுக்கு மறுபிறவி என்பர் தமிழ் மக்கள். பிள்ளையைப் பெற்றெடுத்தவளின் உடலைப் ‘பச்சை உடம்பு’ என்று அவர்கள் வழங்குவதிலும் ஆழ்ந்த பொருளுண்டு. சூளையில் இன்னும் வேகாத மட்பாண்டத்தைப் பச்சைப் பாண்டம் என்பர். அதில் நீரை வார்த்தால் கரையும். பாரத்தை ஏற்றினால் நெளியும். மகப்பேற்றின் பின் தாயின் உடலும் ஏறக்குறைய அந்த நிலையிலேயே இருக்கிறது. குளிரும் பசியும் பாரமும் தாக்காதவாறு சில வாரங்கள் காத்தால் அது மீண்டும் உறுதி பெறும். ஏடு தொட்டறியாத பாட்டிமாரின் வாயில் வழங்கும் இச்சொல்லும், ஆயுர்வேத ஆசிரியர்கள் வடமொழியில் வகுத்துவைத்த விதிகளும் ஒரே உண்மையைக் கூறுவன. அவ்வுண்மை ஊவா மாகாணத்துத் தோட்டங்களில் எவ்வளவு பேணப்பட்டது, இன்று எவ்வாறு பேணப்படத் தக்கது என்பதே இங்கு ஆராயப்படும் பொருள்.

பதுளை, மொனராகலை என்னும் இரு மாவட்டங்களும் சேர்ந்தது ஊவா மாகாணம். அப்புத்தளை, பண்டாரவளை, ஹாலி-எல, தெமோதரை, பசறை, நமுனுகுலை, லுணுகலை, மடூல்சீமை என்பன தேயிலைச் செடிகள் பச்சைக் கம்பளம் போல் சூழ்ந்த ஊர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் முதலிற் கோப்பித் தோட்டங்களுக்கும், 1869ஆம் ஆண்டு முதல் பரவிய இலைநோயாற் கோப்பி அழிந்தபின் தேயிலைத் தோட்டங்களுக்கும் தமிழகத்திலிருந்து மக்கள் வந்து குடியேறினர். திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை முதலிய பகுதிகளே அவர்களிற் பெரும்பாலோரின் பூர்வீகம். புகையிரதப் பாதை பதுளை நகரை வந்தடைந்தது 1924ஆம் ஆண்டிலாகும். அதற்கு முன்னர் வந்தவர்களுக்கு மலைப்பாதையிற் கடைசிப் பல மைல்கள் கால்நடைப் பயணமே. அவர்கள் தலையிற் சுமந்துவந்த மூட்டை சிறிது. ஆயினும், சுமையெனத் தோன்றாத ஒரு செல்வத்தையும் அவர்களுட் பெண்கள் கொண்டுவந்தார்கள். பிள்ளை பெற்றவளை எப்படிப் பார்த்துக்கொள்வது என்னும் அறிவே அச்செல்வம்.

அந்த அறிவு ஏட்டில் இல்லை, கைப்பழக்கத்தில் இருந்தது. சுக்கு, மிளகு, திப்பிலி, கண்டந்திப்பிலி, ஓமம், சித்தரத்தை முதலியவற்றை வறுத்து இடித்து, கருப்பட்டியும் நல்லெண்ணெயும் சேர்த்துக் கிண்டிய மருந்தை நெல்லிக்காயளவு உருட்டிக் காலையிற் கொடுப்பர். வெள்ளைப்பூண்டை நல்லெண்ணெயில் வதக்கிச் சோற்றுடன் பிசைந்து ஊட்டுவர். பால் சுரப்பதற்கெனப் பாற்சுறாக் கருவாட்டைத் தேடி வாங்குவர். நொச்சி முதலிய இலைகளை இட்டுக் கொதிக்கவைத்த நீரை இளஞ்சூடாக ஆற்றி உடம்புக்கு வார்ப்பர். வயிற்றைப் பழஞ்சேலையாற் சுற்றிக் கட்டுவர். பாட்டி, மாமியார், பெற்ற தாய், அயல் லயத்து மருத்துவச்சி என இந்நால்வரில் எவரேனும் ஒருவர் பக்கத்தில் இருந்தே இவை நடைபெறும். அடிவாரத்துச் சிங்களக் கிராமத்து வெத மாத்தயாவிடமும் தோட்டத்து மக்கள் மருந்து வாங்கிப் பழகினர். கொத்தமல்லியும் மரமஞ்சளும் சேர்ந்த குடிநீர், ஹாத்தாவாரிய எனச் சிங்களத்தார் வழங்கும் சாத்தாவாரி இலைக் கஞ்சி என்பனவெல்லாம் இரு சமூகத்தாருக்கும் பொதுவாயின.

இந்த வழக்கங்களுக்கும் ஆயுர்வேத நூல்களுக்கும் உள்ள ஒற்றுமை வியக்கத்தக்கது. பிள்ளை பெற்ற தாயை வடமொழி நூல்கள் ‘சூதிகை’ என்கின்றன. அவளுக்குச் செய்யும் பணிவிடைக்குச் ‘சூதிகா பரிசரியை’ என்று பெயர். சரக சங்கிதை, சுசுருத சங்கிதை, அட்டாங்க இருதயம், காசியப சங்கிதை ஆகிய நூல்கள் யாவும் இதனை விரித்துப் பேசுகின்றன. தாய்க்குப் பசி எடுத்தபின், அவள் உடல் தாங்கும் அளவறிந்து, நெய்யையோ எண்ணெயையோ திப்பிலி, திப்பிலிமூலம், சவ்வியம், சித்திரமூலம், சுக்கு ஆகிய ஐந்தின் பொடியுடன் கொடுக்கச் சொல்கிறார் சரகர். பஞ்சகோலம் எனப்படுவது இவ்வைந்துமே. வயிற்றில் நெய்யும் எண்ணெயும் பூசி, அகன்ற துணியாற் சுற்றவேண்டும் என்பதும் அவர் விதி. பிள்ளை வெளிப்பட்டபின் வயிற்றில் உண்டாகும் வெற்றிடத்தில் வாதம் புகுந்து துன்புறுத்தாதிருக்கவே அக்கட்டு என்று அவர் காரணமும் காட்டுகிறார். உட்கொண்ட நெய் செரித்தபின் நீர்த்த கஞ்சி. காலை மாலை இரு வேளையும் வெந்நீர் வார்த்தல். ஐந்து அல்லது ஏழு இரவுகள் கழிந்தபின் சிறிது சிறிதாகச் சத்துணவு. இதுவே அவர் வகுத்த ஒழுங்கு. சுசுருதரோ பலை என்னும் செடியின் வேரைச் சேர்த்துக் காய்ச்சிய பலா தைலத்தை உடம்பெங்கும் தேய்க்கச் சொல்கிறார். கருப்பையில் அழுக்குக் குருதி எஞ்சியிருப்பின் வெல்லம் கரைத்த வெந்நீரில் திப்பிலி முதலிய பொடிகளைக் கொடுக்கச் சொல்கிறார். வெல்லமும் திப்பிலியும் சுக்கும் சேர்ந்த லயத்துப் பாட்டியின் மருந்துருண்டையில் அதே சரக்குகள் இருப்பதை நேயர்கள் காணலாம்.

ஆயினும், மருந்துச் சரக்குகளின் பட்டியல் இந்நூல்களின் உயிர்நாடியன்று. அவை மருந்தைச் சொல்லுமுன் காலத்தைச் சொல்கின்றன. சூதிகை என்னும் நிலை ஒன்றரை மாதம் நீடிக்கும் என்பது சுசுருதர், வாக்படர் ஆகியோர் மரபு. அஃதாவது நாற்பத்தைந்து நாள். காசியபர் இன்னும் முன்சென்று, முழுநலம் பெற ஆறு மாதம் ஆகும் என்கிறார். அந்நாட்களிற் கடும் உழைப்பும், சினமும், குளிர்ந்த காற்றும் தாய்க்கு ஆகாதவை. முதலிற் கஞ்சி, பின் பயறு அல்லது கொள்ளுச் சாறு, அதன்பின் இறைச்சிச்சாறு கூட்டிய சோறு என்று உணவு படிப்படியாக உயரவேண்டும். மருந்தின் வேலை, இந்த ஓய்வுக்கும் உணவுக்கும் துணைநிற்பது மட்டுமே. ஓய்வில்லாத இடத்தில் இலேகியத்தாற் பெரும்பயன் விளையாது. வேரில் நீர் வார்க்காது இலையில் நீர் தெளிப்பதை ஒத்தது அது.

பணிவிடை செய்வோரைப் பற்றியும் அந்நூல்கள் பேசுகின்றன. தாமே பல பிள்ளைகளைப் பெற்றவராயும், அன்புடையவராயும், இன்சொல் பேசுபவராயும், வருத்தம் பொறுப்பவராயும் உள்ள பெண்களே பிள்ளை பெறுபவளைச் சூழ்ந்திருக்கத் தக்கவர் என்கிறார் சரகர். சுசுருதர் மற்றொன்று கூறுகிறார்: அப்பெண்களின் நகங்கள் வெட்டப்பட்டிருத்தல் வேண்டும். இவ்விதியின் அருமை ஐரோப்பாவில் விளங்கப் பல நூற்றாண்டுகள் சென்றன. 1847ஆம் ஆண்டு வியன்னா நகரப் பிரசவ விடுதியில், மருத்துவர்கள் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரிற் கைகழுவிய பின்னரே தாய்மாரைத் தொடவேண்டும் என்று செம்மல்வைசு என்னும் மருத்துவர் விதித்தார். அதுவரை கூட்டங் கூட்டமாகத் தாய்மாரைக் கொன்றுவந்த பிரசவக் காய்ச்சல் அதன்பின் அவ்விடுதியில் வெகுவாகத் தணிந்தது.

காசியபரின் மற்றொரு கருத்து ஊவா மக்களுக்குச் சிறப்பாகப் பயன்படுவது. எல்லா நாட்டுத் தாய்க்கும் ஒரே பணிவிடை பொருந்தாது என்பது அவர் துணிபு. ஈரமும் குளிர்ச்சியும் மிக்க நாட்டில் முதல் நாட்களில் நெய்ப்பொருள் மிகலாகாது; பசித்தீயைத் தூண்டும் கஞ்சியும், வியர்வை வருவிக்கும் ஒத்தடமும், காற்று வீசாத படுக்கையும், சூடான பொருள்களுமே வேண்டும். வறண்ட நாட்டிலோ நெய்ப்பு முதலிலேயே தகும். ஊவா மலைகளில் இவ்விரு நிலைகளும் ஓராண்டுக்குள்ளேயே மாறி வருகின்றன. ஐப்பசி முதல் தை வரை வடகீழ்ப் பருவக்காற்று மடூல்சீமை, லுணுகலை மலைகளை நனைத்துக்கொண்டே இருக்கும். ஆடி, ஆவணியிலோ கச்சான் காற்று வறண்டு வீசும். ஊவாத் தேயிலைக்கு உலகம் மெச்சும் மணத்தைக் கொடுப்பதும் அதே காற்றுத்தான். மார்கழியிற் பிள்ளை பெற்றவளுக்கும் ஆவணியிற் பிள்ளை பெற்றவளுக்கும் ஒரே விதமான பத்தியம் வைப்பது ஆயுர்வேதத்தின் கருத்தன்று. இடமும் பருவமும் உடல்வாகும் அறிந்து செய்வதே அதன் நெறி.

இத்தகைய அறிவு லயங்களில் இருந்தும், அதற்கு இடமும் காலமும் இருந்தனவா என்பதே கேள்வி. முதலில் இடத்தை நோக்குவோம். பிள்ளை பெறும் தாய்க்கெனத் தனியே அமைக்கும் அறை எட்டு முழ நீளமும் நான்கு முழ அகலமும் உடையதாய், கிழக்கு அல்லது தெற்கு நோக்கிய வாயிலோடு இருக்கவேண்டும் என்றார் சுசுருதர். இது பன்னிரண்டு அடிக்கு ஆறடி. ஒரு தாய்க்கும் அவள் குழந்தைக்கும் மாத்திரம் வகுத்த அளவு அது. தோட்டத்து லயக் காம்பிராவின் வழக்கமான அளவோ பன்னிரண்டு அடிக்குப் பத்தடி. அதனுள் ஒரு குடும்பம் முழுவதும் உண்டு, உறங்கி, அடுப்பும் மூட்டியது. காற்றுப் புகாத இடம் வேண்டும் என்ற விதி அங்கே புகை வெளியேறாத இடமாக முடிந்தது. அப்புகை தாயின் கண்ணையும் குழந்தையின் மூச்சையும் வருத்தியது.

காலமோ இடத்தினும் அரிதாயிற்று. நாட்கூலி வாழ்வில் வேலைக்குப் போகாத நாள் கூலியற்ற நாள். காலைப் பிரட்டுக்குக் கொம்பு ஊதினால் எழுந்து போகவேண்டியவளுக்கு நாற்பத்தைந்து நாள் படுக்கை என்பது எட்டாக்கனி. மருந்து இருந்தது, கொடுக்கப் பாட்டியும் இருந்தாள், அம்மருந்து பலிப்பதற்கு வேண்டிய ஓய்வு மட்டும் இல்லை. ஆகவே தோட்டத்துத் தாய்மாரைப் பொறுத்தவரை ஆயுர்வேதப் பணிவிடையின் வரலாறு, மூலிகைகளின் வரலாறாக மட்டும் அமையாது விடுமுறைச் சட்டங்களின் வரலாறாகவும் அமைந்துவிட்டது.

அச்சட்டங்களின் படிகளை நோக்குதல் நலம். 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம், தோட்டத்திற் பிள்ளை பெற்ற தொழிலாளிப் பெண்ணுக்கு ஒரு மாதம் போதிய உணவும் உறைவிடமும் கிடைக்கச் செய்தல் தோட்டத் துரையின் கடமை என விதித்தது. மருத்துவ அதிகாரி தகுதிகண்டு சொன்னாலன்றி அம்மாதத்தில் அவளை வேலை வாங்கலாகாது என்பதும் அதன் விதி. ஏட்டில் எழுதிய சட்டம் எல்லா மலையிலும் ஒரே அளவில் நடைபெற்றதென எண்ணுதற்கில்லை. எனினும், பச்சை உடம்புக்கு ஓய்வு வேண்டும் என்பது அன்றே அரசின் சட்டநூலில் ஏறிவிட்டது. 1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் அவ்வோய்வுக்குப் பணமும் வகுத்தது: பேற்றுக்கு முன் இரு வாரம், பின் நான்கு வாரம், ஆக ஆறு வாரம். பேற்றின் பின் இருபத்தெட்டே நாள் என்பது சுசுருதர் சொன்ன நாற்பத்தைந்துக்குக் குறைவே. 1985ஆம் ஆண்டுத் திருத்தம் முதல் இரு பிள்ளைகளுக்கு அதனைப் பன்னிரண்டு வாரமாக்கியது. மூன்றாம் பிள்ளை பெற்றவளுக்குப் பழைய ஆறு வாரமே நின்றது. பிள்ளைப்பேறு பலமுறை கண்டு தளர்ந்த உடலுக்கே ஓய்வு மிகுதியும் வேண்டும். அவளுக்கே அது குறைந்திருந்தது ஒரு பெருங்குறை. 2018ஆம் ஆண்டுத் திருத்தம் அக்குறையை நீக்கி, எத்தனையாவது பிள்ளையாயினும் 84 நாள் என்றாக்கியது. அவற்றுள், பிள்ளை பிறந்த நாள் உட்பட 14 நாள் முன்னும், 70 நாள் பின்னும் அடங்கும். ஆயுர்வேதம் கேட்ட நாற்பத்தைந்து நாளினும் இருபத்தைந்து நாள் மிகுதியாக இன்று சட்டமே கொடுக்கிறது.

இவ்வுரிமைக்கு ஒரு வாயிற்படி உண்டு. பிள்ளைப்பேற்றை முன்னறிவிப்பதற்கு முந்திய ஓராண்டில் 150 நாட்களேனும் அந்த வேலைகொள்வோரிடம் வேலை செய்திருத்தல் வேண்டும். செக்ரோலிற் பெயர் நிலைத்தவளுக்கு இது பெரிய காரியமன்று. செக்ரோலுக்கு வெளியே கைக்காசுக்கு வேலை செய்பவளும், கொழுந்தை நிறுத்துக் கொடுத்து அன்றன்றே பணம் பெறுபவளும், பக்கத்து மரக்கறித் தோட்டத்துக்குக் கூலிக்குச் செல்பவளும் இந்த 150 நாளை எவ்வாறு எண்ணிக் காட்டுவர்? பச்சை உடம்பு அவர்களுக்கும் பச்சை உடம்பே. ஓய்வுக்கு உரிமை இல்லாதவளின் கையில் விலையுயர்ந்த இலேகியப் புட்டியைக் கொடுத்து ஆறுதல் கூறுவது ஆயுர்வேதமும் ஆகாது, அறமும் ஆகாது. இத்தாய்மாரை உரிமை வட்டத்துள் கொண்டுவருவதே இன்று எஞ்சிநிற்கும் பணி.

குழந்தைக்கு ஒரு வயதாகும்வரை வேலைநேரத்திற் பாலூட்ட நாளுக்கு இரண்டு இடைவேளைகளையும் அதே சட்டம் தருகிறது. பிள்ளைக் காம்பிரா உள்ள இடத்தில் ஒவ்வொன்றும் அரைமணி; இல்லாத இடத்தில் ஒரு மணி. மலை உச்சியில் உள்ள மலையிற் கொழுந்தெடுப்பவளுக்கு, கீழே உள்ள பிள்ளைக் காம்பிராவுக்கு இறங்கி ஏறவே அரைமணி கழிந்துவிடும். தாயின் கால்நடைத் தூரத்தைக் கணக்கிட்டு வேலைமலையை ஒதுக்கும் கங்காணியும் கணக்கப்பிள்ளையும் ஒரு மருத்துவரின் வேலையைச் செய்தவராவர்.

இனி, பழைய பணிவிடையில் எவற்றைக் கொள்வது, எவற்றைத் தள்ளுவது என்பதை நோக்குதல் வேண்டும். பழமை என்பதற்காகக் கொள்வதும் தவறு. பழமை என்பதற்காகத் தள்ளுவதும் தவறு. 1930களில் இலங்கையில் ஓர் இலட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு 2,000இற்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தனர். அண்மைக்காலத்தில் அவ்வெண்ணிக்கை ஏறத்தாழ 30 என்னும் அளவுக்குத் தாழ்ந்திருக்கிறது. அன்றும் பாட்டியின் மருந்து இருந்தது என்பதை மறத்தலாகாது. பயிற்சி பெற்ற மருத்துவ மாதரும், வைத்தியசாலைப் பேறும், குருதியேற்றலும், நோய்க்கிருமியைக் கொல்லும் மருந்துகளுமே இம்மாற்றத்தைக் கொணர்ந்தன. தாய்மாரைக் கொல்லும் குருதிப்பெருக்கின் பெரும்பகுதி முதல் இருபத்துநான்கு மணிநேரத்துள் நிகழ்வது. அதனைத் தடுக்கும் ஆற்றல் சுக்குக்கும் திப்பிலிக்கும் இல்லை. உயிரைக் காப்பது வைத்தியசாலை. காத்த உயிரைத் தேற்றுவது இல்லம். இரண்டுக்கும் தத்தம் இடமுண்டு.

கொள்ளத்தக்கவை பல. சூடாகச் சமைத்த எளிய உணவு, நல்லெண்ணெய் தேய்த்தல், இளஞ்சூட்டு நீராட்டு, துணைக்கு அனுபவமுள்ள ஒரு பெண், கடும்வேலை விலக்கு என்பவற்றை எந்த மருத்துவரும் மறுக்கார். கொள்ளும் பயறும் கீரையும் பூண்டும் மீனும் ஏழைக்கும் எட்டும் சத்துணவுகள். பண்டாரவளைப் பக்கத்து மரக்கறிகள் கொழும்புக்குச் செல்லுமுன் ஒரு பிடி பச்சை உடம்புக்காரியின் அடுப்புக்கும் செல்லட்டும்.

தள்ளத்தக்கவையும் உண்டு. பிறந்த குழந்தைக்குச் சேனை வைத்துச் சீனித் தண்ணீர் தொட்டுக்கொடுப்பதும், முதலிற் சுரக்கும் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டுவதும் கேடு. பிறந்த ஒரு மணிநேரத்துள் தாய்ப்பால், ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும் என்பதே உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. வசம்பு முதலியவற்றை உரைத்துப் பச்சிளங் குழந்தையின் நாவில் தடவுவதும் ஆகாது. பத்தியம் என்ற பெயரில் தாய்க்கு நீரைக் குறைப்பதும், மீன், முட்டை, காய்கறிகளை விலக்கி வெறுஞ்சோறும் உப்பும் கொடுப்பதும் இரத்தசோகையை வளர்ப்பன. தாகத்துக்கு நீர் மறுக்குமாறு ஆயுர்வேத ஆசிரியர் எவரும் கூறவில்லை. நீர்த்த கஞ்சியோடு தொடங்கச் சொன்னவர்கள் அவர்கள். வைத்தியசாலையிற் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையை வீட்டுக்கு வந்ததும் நிறுத்திவிடலாகாது. தேயிலை நாட்டு மக்கள் ஒன்றைக் கருத்திற் கொள்ளல் வேண்டும்: உணவோடு சேர்த்துத் தேநீர் அருந்தினால் அவ்வுணவிலுள்ள இரும்புச்சத்து உடலிற் சேர்வது குறையும். உணவுக்கும் தேநீருக்கும் இடையில் ஒரு மணிநேரமாவது செல்லட்டும்.

ஓய்வு என்பதையும் பிழைபட விளங்கிக்கொள்ளலாகாது. நாள் முழுவதும் அசையாது கிடந்தால் காற் குருதிநாளங்களில் குருதி உறைந்து உயிருக்கே ஊறு நேரலாம். மெல்ல எழுந்து நடமாடுவதும் ஓய்வின் பகுதியே. கொழுந்துக் கூடையும் விறகுக்கட்டும் பீலித் தண்ணீர்க் குடமுமே விலக்கத்தக்கவை. அறுவைச் சிகிச்சையாற் பிள்ளை பெற்றவர்களுக்குப் புண் ஆறுமுன் வயிற்றை இறுகக் கட்டுதலும், கொதிநீர் வார்த்தலும், வயிற்றைப் பிசைந்து எண்ணெய் தேய்த்தலும் பொருந்தா. மருத்துவரின் சொற்படியே அவை தொடங்கப்படல் வேண்டும்.

கடைகளில் விற்கும் மருந்துகளைப் பற்றியும் ஒரு சொல். தசமூலாரிட்டம், சௌபாக்கிய சுண்டி இலேகியம், தான்வந்தரத் தைலம் என்பன பேறுகாலத்துக்கென நெடுங்காலம் வழங்கிவருபவை. அரிட்டங்கள் புளித்து உருவாவன. அவற்றுள் மதுச்சாரம் இயல்பாகவே உண்டு. பாலூட்டும் தாய் அவற்றைத் தன் எண்ணப்படி அளவின்றி அருந்தலாகாது. 2004ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வில், அமெரிக்காவின் பொஸ்டன் நகரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளுள் 14இல் ஈயம், பாதரசம், ஆசனிக்கு என்னும் நச்சுப்பொருள்களில் ஒன்றோ பலவோ காணப்பட்டன. பெயரும் முகவரியும் அற்ற பொட்டலத்தையும், வழிப்போக்கர் விற்கும் பற்பத்தையும் பச்சை உடம்பில் ஏற்றுவது அறிவுடைமையன்று. இலங்கையில் 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் ஆயுர்வேதம், சித்தம், யுனானி, தேசிய சிகிச்சை ஆகிய நான்கையும் ஒரு குடைக்கீழ்க் கொணர்ந்து, வைத்தியர்களைப் பதிவு செய்யும் முறையையும் வகுத்தது. பதிவு பெற்ற வைத்தியரைக் கேட்டு மருந்துண்பதும், உண்ணும் மருந்தை மருத்துவ மாதிடம் மறைக்காது சொல்வதும் தாயின் கடமை. அதனைக் கேட்டவுடன் இகழாது பொறுமையோடு விளக்குவது மருத்துவ மாதின் கடமை. இகழ்ச்சிக்கு அஞ்சி மறைக்கப்படும் மருந்தே ஆபத்தான மருந்து.

பிள்ளை பெற்றவளின் வீட்டுக்கு முதற் பத்து நாளுக்குள் இருமுறை பொதுச் சுகாதார மருத்துவ மாது வந்து பார்ப்பது இலங்கையில் வகுக்கப்பட்டுள்ள முறை. அவள் வருகையைக் காத்திராது உடனே வைத்தியசாலைக்கு விரையவேண்டிய குறிகள் சில உள: பெருகும் குருதிப்போக்கு, காய்ச்சல், தீநாற்றமுள்ள கழிவு, கடுந்தலைவலி, கண்மங்கல், வலிப்பு, மூச்சுத்திணறல், ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும். இவற்றுக்குக் கஷாயம் வைத்துப் பார்ப்போம் என்று ஓரிரவு தாமதித்தாலும் உயிர் போகலாம். மழையில் மண்சரியும் மலைப்பாதைகளில், வண்டி ஏற்பாட்டைப் பிள்ளை பிறக்குமுன்பே பேசிவைத்திருத்தல் வேண்டும். உடலில் மட்டுமன்றி மனத்திலும் நோய் வரும். காரணமின்றி அழுதல், உறக்கமின்மை, குழந்தையைத் தொட மனமின்மை, சாக நினைத்தல் என்பன பேய்க்கோளாறல்ல. மருத்துவத்தால் தீர்க்கத்தக்க நோய்க்குறிகள். இன்சொல் பேசும் பெண்கள் தாயைச் சூழ்ந்திருக்கவேண்டும் என்று சரகர் விதித்ததன் பயன் இங்கேதான் விளங்கும்.

அந்தப் பெண்கள் இன்று எங்கே? பல லயங்களில் பாட்டி இல்லை, மாமியார் மத்திய கிழக்கு நாடொன்றில் வீட்டுவேலை செய்கிறாள், கணவன் கொழும்பில். மருந்துப் பக்குவம் அறிந்த கைகள் குறைந்துவருகின்றன. ஆகையால் இதுவரை ஒரு குடும்பத்தின் காரியமாய் இருந்ததை ஒரு லயத்தின் காரியமாக மாற்றவேண்டிய காலம் வந்திருக்கிறது. ஒரு வரிசை லயத்தில் பத்துக் குடும்பங்கள் இருப்பின், ஒருத்தி தண்ணீர் எடுத்துக் கொடுக்கலாம். ஒருத்தி விறகு உடைத்துப் போடலாம். ஒருத்தி மூத்த பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பலாம். கணவனும் அடுப்பு மூட்டக் கற்கலாம். கஞ்சி காய்ச்சுவது பெண்ணுக்கு மட்டும் உரிய கலையென்று எந்தச் சங்கிதையும் கூறவில்லை. தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி சேர்த்து ஒற்றுமையாக நடத்தும் மக்களுக்கு, ஒரு தாயை நாற்பத்தைந்து நாள் தாங்குவது இயலாத காரியமன்று.

சுக்கும் திப்பிலியும் பதுளைக் கடைவீதியில் இன்றும் விலைக்குக் கிடைக்கும். நாற்பத்தைந்து நாள் எந்தக் கடையிலும் கிடைக்காது. சட்டம் ஒரு பங்கைத் தரும். தோட்ட நிருவாகம் ஒரு பங்கைத் தரவேண்டும். எஞ்சியதை வீட்டாரும் அயலாருமே தரவேண்டும். அந்த நாட்களை நிறைவாகப் பெறும் தாயின் உடலில் மருந்து வேலை செய்யும்; அவள் மடியிலுள்ள குழந்தையும் அதன் பயனைப் பருகும்.